அமெரிக்க மாணவரும் சீன மாணவரும்: ஒருவர் கேட்கிறார், மற்றவர் ஏன் தயங்குகிறார்?

2025 மே 28 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்க்கோ ரூபியோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியோடு தொடர்புள்ளவர்கள், முக்கியத் துறைகளில் படிப்பவர்கள் உள்ளிட்ட சீன மாணவர்களின் விசாக்கள் தீவிரமாக ரத்து செய்யப்படும் என்றது அது. இரண்டே வாரத்தில், சீனாவுடனான வர்த்தகப் பேச்சின் தொடர்ச்சியாக, சீன மாணவர்கள் தாராளமாக வரலாம் என்றார் அதிபர் ட்ரம்ப். ஆகஸ்டில் 6 லட்சம் பேரை அனுமதிப்போம் என்றார். ஒரே கோடைக்காலத்துக்குள் அதே மாணவர்கள் முதலில் அச்சுறுத்தலாகவும், பிறகு பேரப் பொருளாகவும், கடைசியில் விருந்தாளிகளாகவும் ஆகிவிட்டார்கள்.

இதைப் படிப்பவர்கள் குழம்புவது இயல்பு. ஆனால் விசா பற்றிய இரைச்சலில், அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று அடிபட்டுப் போகிறது. ஒரே விடுதியில் தங்கி, ஒரே ஆய்வகத்தில் வேலை செய்யும் அமெரிக்க மாணவரும் சீன மாணவரும் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள்? பல நேரங்களில் ஏன் பேசிக்கொள்வதே இல்லை?

சீன மாணவர் பேசாததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: ஆங்கிலம் சரளமாக வராது, கூச்ச சுபாவம், மூளைச்சலவை. முதலிரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனாலும் முக்கியக் காரணம் வேறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பேசுவதற்குக் கொடுக்க வேண்டிய விலை இருவருக்கும் ஒன்றல்ல. அமெரிக்க மாணவர் வாயைத் திறந்தால் பெரும்பாலும் எதையும் இழப்பதில்லை. சீன மாணவர் ஒரே வாக்கியத்துக்கு இரண்டு அரசுகளிடம் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

யார் இவர்கள்?

அமெரிக்காவில் படித்துப் பட்டம் பெற்ற முதல் சீனர் யுங் விங், 1854-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அவருடைய முயற்சியால் 1872 முதல் 120 சிறுவர்களை, அன்று சீனாவை ஆண்ட சிங் பேரரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டை மையமாகக் கொண்டு, அமெரிக்கக் குடும்பங்களின் வீடுகளில் தங்கிப் படித்தார்கள். பிள்ளைகள் அமெரிக்கர்களாகவே மாறிவிடுகிறார்கள் என்று பெய்ஜிங்கில் எழுந்த கவலை முக்கியக் காரணமாக, 1881-ல் எல்லோரும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். மறு ஆண்டே அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை விதித்தது. இரண்டு பக்கமும் மாணவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது அப்போதே தொடங்கிவிட்டது.

இன்றைய அலை 1978 டிசம்பரில் தொடங்கியது. அன்றைய சீனத் தலைவர் டெங் சியாவ்பிங்கின் முடிவின்படி 52 அறிஞர்கள் வாஷிங்டனில் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள். இளநிலைப் படிப்புக்கு வந்த சீனர்கள் 2006-07-ல் சுமார் 10 ஆயிரம் பேர்தான். 2014-15-ல் அந்த எண்ணிக்கை 1.2 லட்சத்தைத் தாண்டியது. மொத்தச் சீன மாணவர்கள் 2019-20-ல் 3,72,532 என்ற உச்சத்தைத் தொட்டு, 2024-25-ல் சுமார் 2.66 லட்சமாகக் குறைந்திருக்கிறார்கள். 2023-24 முதல் இந்தியாதான் முதலிடத்தில் இருக்கிறது.

'சீன மாணவர்' என்று ஒரே சொல்லில் சொன்னாலும் இதில் இரண்டு வகை உண்டு. இளநிலை மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டணம் கட்டுவது பெற்றோர். நகர்ப்புற நடுத்தர, மேல்நடுத்தர வர்க்கம். முனைவர் பட்ட மாணவருக்கோ பெரும்பாலும் பல்கலைக்கழகமே உதவித்தொகை தருகிறது; சிறு நகரத்து ஆசிரியரின் மகளாகவோ தொழிலாளியின் மகனாகவோ இருக்கலாம். சீன மாணவர் என்றாலே விலையுயர்ந்த கார் என்ற அமெரிக்கப் பொதுப்புத்தி இந்த இரண்டாம் வகையினரைக் கண்டுகொள்வதே இல்லை.

இருவகையினரும் வருவது பெரும்பாலும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில். முழுநேரம் படிக்க வேண்டும். படிப்பு நடக்கும் பருவத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணிநேரம் வரைதான் வேலை செய்யலாம். படித்து முடித்தபின் ஓ.பி.டி என்ற அனுமதியில் 12 மாதம், அறிவியல்-தொழில்நுட்பத் துறையினருக்குக் கூடுதலாக 24 மாதம் வேலை பார்க்கலாம். அமெரிக்கா போய்ப் படிக்கும் நம் பிள்ளைகளின் வீடுகளில் இந்தச் சொற்கள் தினமும் புழங்குபவைதான். சீன மாணவருக்கு இதற்கு மேலும் சில கட்டுகள் உண்டு. அவற்றைக் கீழே பார்ப்போம்.

ஒரு பேச்சை அருகில் நின்று கவனித்தால்

இது மாதிரிக்காக அமைத்த உரையாடல். விடுதியின் பொதுச் சமையலறை, இரவு பத்து மணி. அரிசி வெந்துகொண்டிருக்கிறது. ஜனநாயகம் கேட்டுத் திரண்ட மாணவர்களைச் சீன ராணுவம் ஒடுக்கிய 1989 நிகழ்வைப் பற்றி அமெரிக்க மாணவர் உண்மையான ஆர்வத்தோடு கேட்கிறார்:

"1989-ல தியானன்மென் சதுக்கத்துல நடந்தது உங்க ஊர்ல யாருக்காவது தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன். அப்ப நான் பிறக்கவே இல்லையே."

"சரி, நீ என்ன நினைக்கிற?"

"அது ரொம்ப சிக்கலான விஷயம். ஆமா, நாளைக்கு வீட்டுப்பாடத்துல மூணாவது கணக்கு போட்டுட்டியா?"

பேச்சு அத்தோடு முடிந்தது. இவருக்கு எதுவும் தெரியவில்லை, அல்லது உண்மையைப் பார்க்க விரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டு அமெரிக்கர் போய்விடுகிறார்.

அவர் கவனிக்காதது ஒன்று. அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு சீன மாணவர் நின்றுகொண்டிருந்தார். யாரும் இல்லாத ஓர் இடத்தில், ஆறு மாதப் பழக்கத்துக்குப் பிறகு, இதே கேள்விக்கு இதே மாணவர் ஒரு மணிநேரம் பதில் சொல்லலாம். கேள்வி எது என்பதைவிட, யார் காது கேட்கும் தூரத்தில் கேட்கப்படுகிறது என்பதே பதிலைத் தீர்மானிக்கிறது. பக்கத்தில் நிற்பவர் ஒற்றர் என்று இதற்குப் பொருள் இல்லை. அவரும் அதே அச்சத்தோடு நிற்கக்கூடும். அவர் யாரிடம் என்ன சொல்வார் என்று இவருக்குத் தெரியாது. இவரைப் பற்றி அவருக்கும் தெரியாது.

விலைப்பட்டியல்

இந்த அச்சம் கற்பனையா? பொதுவெளியில் பதிவான நிகழ்வுகளிலிருந்தே பார்க்கலாம்.

1. ஊரில் இருக்கும் குடும்பம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு சீன மாணவர், 2018-ல் அமெரிக்காவில் இருந்தபோது சீனத் தலைவரைக் கேலி செய்யும் படங்களை ட்விட்டரில் போட்டார். சீனாவில் ட்விட்டரே முடக்கப்பட்ட தளம். 2019 கோடை விடுமுறைக்கு வூஹானுக்குப் போனவர் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் 6 மாதச் சிறைத்தண்டனை. பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு மாதிரி. 1989-ல் போராடிய மாணவர்களைப் போற்றி 2020-ல் இணையத்தில் கடிதம் எழுதிய மாணவரின் பெற்றோரைத் தேடிச் சீனப் பாதுகாப்புத் துறையினர் வீட்டுக்கே போனார்கள். மகனோடு பேசிய பெற்றோர் நிறுத்திவிடும்படி கெஞ்சினார்கள். வளாகத்தில் வேறு சில சீன மாணவர்கள் அவரை சி.ஐ.ஏ ஆள் என்று ஏசினார்கள். விஷயம் வெளியானதும், 2021 டிசம்பரில், இப்படி மிரட்டுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று பர்டியூ தலைவர் மிட்ச் டேனியல்ஸ் வளாகத்தினருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தால் பர்டியூ வளாகத்தில் ஒரு மாணவரைப் பாதுகாக்க முடியும். சீனாவில் கதவு தட்டப்பட்ட வீட்டுக்கு அது என்ன செய்யும்?

2. சொந்த நாட்டுப் பொதுமக்களின் கோபம். 2017 மே மாதம் மேரிலாந்து பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஒரு சீன மாணவி பேசினார். ஊரில் முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே போன தனக்கு அமெரிக்காவின் காற்று இனித்தது என்று தொடங்கி, கருத்துச் சுதந்திரத்தையும் அந்தக் காற்றைப் போலவே உணர்ந்ததாகச் சொன்னார். காணொளி சீனா முழுக்கப் பரவியது. தாய்நாட்டை இழிவுபடுத்திவிட்டார் என்று வசை மழை. அவருடைய சொந்த நகரமான குன்மிங்கின் நிர்வாகமே, எங்கள் ஊர்க் காற்று நல்ல காற்றுதான் என்று பதில் பதிவு போட்டது. மாணவி மன்னிப்புக் கேட்டார். இதில் எந்தப் பாதுகாப்புத் துறையும் கைது செய்யவில்லை. ஆனால் ஒரு பட்டமளிப்பு உரைக்கு இப்படியும் விலை உண்டு என்பதை அடுத்து வந்த மாணவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

3. சட்டம். 2020 ஜூன் 30 அன்று நடைமுறைக்கு வந்த ஹாங்காங் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு, ஹாங்காங்குக்கு வெளியே, அங்கு வசிக்காதவர்கள் செய்யும் செயல்களுக்கும் பொருந்தும் என்கிறது. அமெரிக்க வகுப்பறையில் எழுதப்படும் கட்டுரையும் இதற்குள் வரக்கூடும் என்று பேராசிரியர்களே கவலைப்பட்டார்கள்.

4. அமெரிக்க அரசு. இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2014-ல் சீன மாணவர்களுக்கு ஐந்தாண்டு விசா என்று முடிவானது. 2018-ல் ரோபோ தொழில்நுட்பம், விமானவியல் போன்ற துறைகளில் முதுநிலை, ஆய்வு மாணவர்களுக்கு அது ஓராண்டாகச் சுருங்கியது. 2020 மே மாதம் வந்த 10043-ஆம் பிரகடனம், சீன ராணுவத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் நிறுவனங்களில் படித்த முதுநிலை, ஆய்வு மாணவர்களைத் தடுத்தது. சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசாக்கள் ரத்தாயின. பைடன் காலத்திலும் அது நீடித்தது. 2025 மார்ச்சில், பாலஸ்தீனம் குறித்து மாணவர் இதழில் வந்த கட்டுரையை இணைந்து எழுதிய டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத் துருக்கிய மாணவி தெருவில் வைத்துப் பிடித்துச் செல்லப்பட்டார். ஜூன் மாதம் முதல், மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்ற விதி வந்தது. சீன மாணவர் இப்போது எழுதும் ஒரு பதிவை இரண்டு நாட்டு அதிகாரிகளும் படிக்கலாம். இருவருக்கும் பிடித்த மாதிரி எழுதவே முடியாது என்றால், எழுதாமல் இருப்பதுதான் மிச்சம்.

அமெரிக்கச் சந்தேகம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்லிவிடவும் முடியாது. குடிமக்களும் அமைப்புகளும் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று சீனாவின் 2017-ஆம் ஆண்டுத் தேசிய உளவுச் சட்டம் சொல்கிறது. சிகாகோவில் படிக்க வந்து சீன உளவுத்துறைக்கு வேலை செய்ததாக ஒருவர் 2022-ல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, மறு ஆண்டு 8 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இத்தகைய வழக்குகள் சில. ஆனால் அவற்றுக்காகச் சந்தேகிக்கப்படுவோர் லட்சக்கணக்கில். அந்தச் சந்தேகத்துக்கு அமெரிக்காவே கொடுத்த விலையும் வரலாற்றில் இருக்கிறது. கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெட் உந்துவிசை ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான சியன் ஷூயெசென், 1950-ல் கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டு, ஐந்தாண்டு கண்காணிப்பில் வைக்கப்பட்டு, 1955-ல் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். சீனாவின் ஏவுகணைத் திட்டத்தை எழுப்பியவர் அவர்தான்.

'மூளைச்சலவை' ஏன் போதாத விளக்கம்?

விலைதான் எல்லாம் என்றால், அச்சம் இல்லாத இடத்தில் எல்லாச் சீன மாணவர்களும் தங்கள் அரசைத் திட்டித் தீர்க்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. தனிமையில், முழு நம்பிக்கையோடு, தம் நாட்டை ஆதரித்துப் பேசுபவர்கள் நிறைய பேர். தாத்தா காலத்தில் பஞ்சம், அப்பா காலத்தில் சைக்கிள், தன் காலத்தில் அதிவேக ரயில் என்று ஒரே குடும்பத்துக்குள் பார்த்தவருக்கு அந்தப் பெருமை சொந்த அனுபவம். 1990-களில் தொடங்கிய தேசப்பற்றுக் கல்வியும், அபினிப் போரிலிருந்து தொடங்கி அந்நிய நாடுகளிடம் சீனா தாழ்ந்துநின்ற 'அவமானத்தின் நூற்றாண்டு' பற்றிய பாடங்களும் அதற்கு வடிவம் கொடுக்கின்றன. பாடநூல் இல்லாவிட்டாலும் அந்தப் பெருமை இருந்திருக்கும்.

தடையை எடுத்துவிட்டால் உண்மை தானாக உள்ளே வந்துவிடும் என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டிருக்கிறது. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் யூயூ சென், ஹார்வர்டின் டேவிட் யாங் ஆகியோர் பெய்ஜிங் நகரில் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, இணையத் தணிக்கையைத் தாண்டும் கருவியை (வி.பி.என்) இலவசமாகக் கொடுத்து 18 மாதம் கவனித்தார்கள். கருவி கிடைத்ததால் மட்டும் மாணவர்கள் வெளிநாட்டுச் செய்திகளைத் தேடிப் படிக்கவில்லை. சிறிது காலம் படிக்கத் தூண்டுதல் கொடுத்தபோதுதான் பழக்கம் தொற்றியது. அதன் பிறகு பார்வையும் மாறியது. வி.பி.என் தேவைப்படாத அமெரிக்க விடுதியிலும் சீனச் செயலியான வீசாட்டிலேயே செய்தி படிக்கும் மாணவரை இந்த முடிவு விளக்குகிறது. அவரிடம் ஒரே இரவில் ஓர் ஆவணப்படத்தைக் காட்டி மனத்தை மாற்றப் பார்க்கும் அறைத்தோழர் ஏமாந்துபோவார்.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஸ்டான்ஃபோர்டின் ஜெனிஃபர் பான், யிச்சிங் ஷூ உள்ளிட்டோர் 2020-ல் அமெரிக்காவில் இருந்த சீன மாணவர்களிடம் சமூக ஊடகக் கருத்துகளைப் படிக்கக் கொடுத்தார்கள். கோவிட்டைச் சாக்காக வைத்துச் சீனர்களை இனவெறியோடு ஏசும் கருத்துகளைப் படித்தவர்களிடம் சீன ஆட்சிமுறைக்கான ஆதரவு கூடியது. இனவெறி கலவாமல் சீன அரசை மட்டும் விமர்சித்த கருத்துகளுக்கு அந்த விளைவு இல்லை. ஆகவே விமர்சனம் மாணவரைத் தள்ளிவிடுவதில்லை, அவமதிப்புதான் தள்ளிவிடுகிறது. சீன அரசைக் கேள்வி கேட்கவே கூடாது என்று ஒதுங்கும் அமெரிக்கரும், சீனர் என்றாலே எரிந்து விழும் அமெரிக்கரும் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

அமெரிக்க மாணவர் பக்கம்

இவருக்கும் தயக்கம் உண்டு. அது வேறு வகை. தவறாக எதையாவது கேட்டு இனவெறியர் என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற பயம். அதனால் பேச்சு சாப்பாட்டோடு நின்றுவிடுகிறது. துணிந்து கேட்பவரோ முதல் சந்திப்பிலேயே தைவான், சின்ஜியாங், ஹாங்காங் என்ற அரசியல் சர்ச்சைகளில் நேராக இறங்கிவிடுகிறார். எதிரில் இருப்பவர் பத்தொன்பது வயது மாணவர். அவரிடம் அயலுறவுத் துறைப் பேச்சாளரின் விளக்கத்தை எதிர்பார்க்கிறோம் என்று கேட்பவருக்குத் தோன்றுவதில்லை. 'உன் நாடு ஏன் ஈராக்கின் மீது படையெடுத்தது' என்று யாராவது அவரை முதல் நாளே கேட்டால் எப்படி இருக்கும்?

அறிவிலும் சமமின்மை இருக்கிறது. சீன மாணவர் பள்ளியிலிருந்தே ஆங்கிலம் படித்தவர்; அமெரிக்கத் தொடர்களும் கூடைப்பந்தும் அவருக்கு அத்துப்படி. சீனாவின் கல்லூரி நுழைவுத்தேர்வான காவ்காவ் என்றால் என்ன, 2024-ல் மட்டும் 1.34 கோடிப் பேர் அதற்குப் பதிவு செய்தார்கள் என்பதன் அர்த்தம் என்ன, ஹுகோவ் என்ற குடியிருப்புப் பதிவு ஒரு குழந்தையின் பள்ளியை எப்படித் தீர்மானிக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலான அமெரிக்க மாணவர்களுக்குத் தெரியாது. ஆகவே இருவருக்கும் பொதுவான பேச்சு என்பது பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றிய பேச்சாகவே ஆகிவிடுகிறது.

நிறுவனங்களும் சில நேரம் நிலைமையைக் கெடுத்திருக்கின்றன. 2019 ஜனவரியில் டியூக் பல்கலைக்கழகத்தின் உயிரிப்புள்ளியியல் முதுநிலைப் பிரிவில், கட்டடத்துக்குள் சீன மொழியில் பேச வேண்டாம் என்று பொறுப்பாளர் மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஓய்வறையில் சத்தமாகச் சீன மொழி பேசியவர்கள் யார் என்று இரண்டு பேராசிரியர்கள் புகைப்படங்களைக் கேட்டுப் பார்த்ததாகவும், உள்ளகப் பயிற்சி வாய்ப்பு பாதிக்கப்படலாம் என்றும் அதில் இருந்தது. எதிர்ப்பு வெடித்து, அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். இந்த மாணவர்கள் அமெரிக்கர்களோடு கலப்பதில்லை என்ற புகார் இதே துறைகளிலிருந்துதான் வருகிறது.

என்ன செய்ய முடிகிறது?

விலையைக் குறைத்தால் பேச்சு வருகிறது. 2020 இலையுதிர் பருவத்தில், பெருந்தொற்றால் பல மாணவர்கள் சீனாவிலிருந்தே ஜூம் வழியாகப் படித்தபோது, பிரின்ஸ்டனில் சீன அரசியல் வகுப்பு மாணவர்கள் கட்டுரைகளில் பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண்களைப் பயன்படுத்தினார்கள். எழுதியவர் யார் என்று தாளைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. வேறு சில இடங்களில், சங்கடமான தலைப்புகளில் பேசாமல் இருக்கும் உரிமை மாணவருக்குத் தரப்பட்டது. 2022 நவம்பரில், கோவிட் கட்டுப்பாடுகளை எதிர்த்து வெறும் வெள்ளைத்தாளை ஏந்திய போராட்டம் சீன நகரங்களில் பரவியபோது, அமெரிக்க வளாகங்களில் ஆதரவாகக் கூடிய சீன மாணவர்கள் பலர் முகத்தை மூடிக்கொண்டார்கள். மூடிய முகத்தோடுதான் என்றாலும் வந்தார்கள்; சொல்ல நினைத்ததைச் சொன்னார்கள்.

தனிப்பட்ட அளவில் பலன் தருவது இன்னும் எளிமையானது: நேரம், தனிமை, பரஸ்பரம். வாரம் ஒருமுறை அரை மணி ஆங்கிலம், அரை மணி சீனம் என்று பேசிப் பழகும் இணைகளில் இருவருமே ஒரு பாதி நேரம் தடுமாறுகிறார்கள். எப்போதும் ஒருவரே தேர்வு எழுதுவது போன்ற நிலை அங்கே இல்லை. ஆய்வகத்தில் இரவு முழுக்கச் சேர்ந்து விழித்திருப்பவர்களுக்கிடையே பேச்சு வளர்வதும் இதே காரணத்தால்தான். அங்கே கேள்விகள் வாடகை, பெற்றோர், வேலை, கல்யாணம் என்று தொடங்கி, அரசியலுக்குத் தாமாகவே வந்து சேர்கின்றன.

விளைவுகள்

அமெரிக்கக் கொள்கை வகுப்போர் சிலர் தீர்வாகச் சொல்வது, அறிவியலுக்கு இந்தியர்கள் வரட்டும், சீனர்கள் வரலாறு, இலக்கியம் போன்ற கலைத் துறைகளும் சமூக அறிவியலும் படிக்கட்டும் என்பது. 2024 ஜூனில் அப்போதைய வெளியுறவுத் துணை அமைச்சர் கர்ட் கேம்ப்பெல் ஏறத்தாழ இப்படித்தான் பேசினார். சென்னையிலோ கோவையிலோ விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருக்கும் மாணவருக்கு இது நல்ல செய்தியாகத் தெரியலாம். ஆனால் சமூக ஊடகச் சோதனையும் திடீர் விசா ரத்தும் நாடு பார்த்து நிற்பதில்லை என்பதை 2025 காட்டிவிட்டது.

பெரிய இழப்பு எதிர்த்திசையில் நடக்கிறது. 2018-19-ல் சீனாவில் படித்த அமெரிக்க மாணவர்கள் 11 ஆயிரத்துக்கும் மேல். பெருந்தொற்றுக்காலத்தில், 2021-22-ல், 211. 2022-23-ல் 469. இடையில் 2020 ஜூலையில் சீனாவுக்கும் ஹாங்காங்குக்குமான ஃபுல்பிரைட் என்ற கல்விப் பரிமாற்றத் திட்டத்தை ட்ரம்ப் அரசு நிறுத்தியது. பீஸ் கோர் (Peace Corps) என்ற அமெரிக்க அரசுத் திட்டத்தின் தன்னார்வலர்களும் அதே ஆண்டு சீனாவிலிருந்து வெளியேறினார்கள். ஐந்தாண்டில் 50 ஆயிரம் அமெரிக்க இளைஞர்களை அழைப்போம் என்று 2023 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஷி ஜின்பிங் அறிவித்தார். அந்தப் பயணங்களில் பெரும்பாலானவை சில வாரச் சுற்றுலாக்கள்.

இன்னும் இருபது ஆண்டில் தைவான் நீரிணையில் ஒரு நெருக்கடி வந்தால், வாஷிங்டனில் அறிக்கை எழுதும் மேசையில் உட்காரப்போவது இன்று இருபது வயதில் இருப்பவர்கள். அவர்களில் சீனாவில் ஓராண்டாவது வாழ்ந்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள். மற்றவர்களுக்குச் சீனாவை அருகிலிருந்து அறியக் கிடைக்கும் வழி, இன்றைக்குத் தங்கள் விடுதிச் சமையலறையில் நிற்கும் அந்த மாணவர்தான். அவர் பேசுவதற்கான விலையை இரண்டு அரசுகளும் ஆண்டுக்காண்டு ஏற்றிக்கொண்டிருக்கின்றன.